இரண்டாவது கிண்ணம்

முதல் வாசகம் தொடங்கும்போதே இடது முழங்கையில் ஆரம்பித்துவிட்டது. அரிப்பு என்று சொல்லிவிடலாம், எல்லோருக்கும் தெரிந்த சொல். ஆனால் அமலோற்பவத்துக்கு அது அரிப்பாக வந்து நிற்பதில்லை, முதலில் ஒரு சூடு, இஸ்திரிப் பெட்டியைத் தோலில் வைக்காமல் பக்கத்தில் பிடித்தது மாதிரி, பிறகு அந்தச் சூட்டுக்குள் ஏதோ ஊர்வது, பிறகு ஊர்ந்த இடமெல்லாம் குத்துவது, நாளை விடிந்தால் அங்கே கடுகளவுக் கொப்புளங்கள் கொத்தாக நிற்கும், வலது முழங்கையிலும் அதே இடத்தில் அதே கொத்து, எப்போதும் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் வரும். சொறியக் கூடாது. சொறியக் கூடாது என்று நினைத்துக்கொண்டே இருப்பதும் ஒருவகையில் சொறிவதுதான். மணிக்கட்டு வரை இறங்கிய ரவிக்கைக்கு மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள். சனிக்கிழமை காலை ஆறு மணிப் பூசை, ஐம்பது பேர் இருந்தால் அதிகம், மின்விசிறிகளில் பாதியைப் போடவில்லை. வாசிக்கிற பெண்ணின் குரல் தூக்கம் கலையாமல் ஓடிக்கொண்டிருந்தது, அதைக் கேட்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு அமலோற்பவம் பீடத்துக்கு ஓரமாக இருந்த சின்ன மேசையைப் பார்த்தாள், பார்க்க வேண்டாம் என்று வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தும் பார்த்தாள். இரண்டு கிண்ணங்கள். ஒன்று வழக்கமானது, பொன்முலாம் பூசியது. பக்கத்தில் இன்னொன்று, வெள்ளி, கைக்கு அடக்கமானது, வெள்ளைத் துணியால் மூடியது. சாமியார் மறந்திருப்பார் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. மறக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மதலேனா டீச்சர், இருபது வருஷமாக இதே பெஞ்சில் இதே இடத்தில் உட்காருகிறவர், கோயிலில் ஒரு பூ இடம் மாறினாலும் சொல்லிவிடுகிறவர், லேசாகச் சாய்ந்தார். “என்னடி அமலு, ரெண்டு கிண்ணம் இருக்கு. பிஷப் கிஷப் வராரா?” “தெரியல டீச்சர்.” “வந்தா முன்கூட்டியே சொல்ல மாட்டாங்களா? நல்ல சேலையா கட்டியிருப்பேன்ல.” தெரியல என்று சொல்லியாயிற்று. இவ்வளவு சின்னப் பொய்க்கு இவ்வளவு மூச்சு வேண்டியிருக்கிறது. இந்த நாட்களில் எல்லாவற்றுக்குமே மூச்சு வேண்டியிருந்தது, கோயில் படி ஆறுக்கும் இரண்டு முறை நின்று ஏற வேண்டியிருந்தது, இரத்தம் குறைந்திருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டாள், சொல்லாவிட்டாலும் படிகள் சொல்லியிருக்கும்.

முந்தாநாள் சாயங்காலம்தான் சாமியார் வீட்டுக்குப் போனாள். கிளமென்ட் சாமி, முப்பத்தைந்து வயதுகூட இருக்காது, கையில் பைக் சாவியோடு நின்றபடியே கேட்டார், அவளை உட்காரச் சொல்லித் தானும் உட்கார்ந்தார், அவள் கோதுமை என்று தொடங்கியதும் பாதியிலேயே புரிந்துகொண்டார். சாமியாருக்குப் படித்த யாரோ ஒரு குருமாணவனுக்கு இதே வியாதி இருந்ததாம். “திராட்சை ரசத்தை மட்டும் வாங்கினாலும் முழு நன்மைதாம்மா. அதுல ஒரு குறையும் கிடையாது.” ஏழு வயதில் புது நன்மை வாங்கியதிலிருந்து பூசையில் தருகிற அந்த வெள்ளை அப்பம் நாக்கில் ஒட்டிக் கரைவதைத்தான் அவள் நன்மை என்று அறிந்திருந்தாள், குறை இல்லை என்று அவர் சொன்னபோதே எங்கோ ஒன்று குறைந்துவிட்டது. அரிசியில் சுட்டால் ஆகாதா சாமி என்று கேட்டாள். ஆகாதாம். கோதுமைதான் என்று சட்டமாம். ஆண்டவர் தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை என்று நினைத்தாள், நினைத்ததற்கு மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள், சாமியாரிடம் சொல்லியிருந்தால் அவர் சிரித்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. “அப்ப உங்க கிண்ணத்துலேர்ந்தே ஒரு வாய் குடுத்திருங்க சாமி.” “அது முடியாதேம்மா. என் கிண்ணத்துல அப்பத்தைப் பிட்டு ஒரு துண்டு போடுவேன்ல, அதுவும் கோதுமைதான. உங்களுக்குத் தனியா ஒண்ணு வைக்கணும். சனிக்கிழமையிலேர்ந்து வைக்கிறேன். எல்லாரும் வாங்கி முடிச்சப்புறம் கடைசியா வாங்க.” தனியா. அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார், தனியா ஒரு சாவி, தனியா ஒரு ரசீது என்பதுபோல. எல்லாரும் முடிச்சப்புறம். கடைசியா. வீடு வரும்வரை அந்த மூன்று சொற்களும் செருப்பில் ஏறிய கல் மாதிரி கூடவே வந்தன, உதறினாலும் விழவில்லை.

எல்லோரும் எழுந்தார்கள், அவளும் எழுந்தாள், நற்செய்தி. எழுவதற்குள் கண்ணுக்குள் கறுப்பாக ஏதோ வந்து போயிற்று. நான்கு வருஷம். நான்கு வருஷமாக இந்தக் கொப்புளங்களுக்கு ஒவ்வொருவர் ஒவ்வொரு பெயர் வைத்தார்கள், சூடு என்றார்கள், ஒவ்வாமை என்றார்கள், சொறி என்று ஒருவர் சொல்ல, வீட்டில் இருந்த நான்கு பேரும் கழுத்திலிருந்து பாதம் வரை வெள்ளைத் தைலம் பூசிக்கொண்டு ஓர் இரவு கிடந்தார்கள், மருமகள் ஷீபா அத்தனை போர்வைகளையும் வெந்நீரில் போட்டாள், ஒரு வார்த்தை பேசவில்லை, அந்தப் பேசாமைதான் தைலத்தைவிட எரிந்தது. பிறகுதான் டாக்டர் ஷமீமா. சின்னப் பெண், ஆனால் கையைப் பார்ப்பதற்கு முன் வயிற்றைப் பற்றிக் கேட்டாள். உப்புசம் உண்டா, அடிக்கடி போகுமா, எத்தனை வருஷமாக. சின்ன வயசிலேர்ந்தே அப்படித்தாம்மா, என் உடம்பு வாகு. “உடம்பு வாகு இல்லம்மா அது.” தோலில் சின்னதாக ஒரு துண்டு வெட்டி எடுக்க வேண்டும் என்றாள், கொப்புளத்திலிருந்து ஒன்று, கொப்புளத்துக்குப் பக்கத்தில் நன்றாக இருக்கிற தோலிலிருந்து ஒன்று, வியாதி அந்த நல்ல தோலில்தான் தெளிவாகத் தெரியுமாம். அதைக் கேட்டு அன்று இரவெல்லாம் விழித்துக் கிடந்தாள். கோதுமையில் இருக்கிற ஏதோ ஒரு புரதத்தை அவள் குடல் பகையாளியாக நினைக்கிறது, அங்கே நடக்கிற சண்டை இங்கே தோலில் வந்து தெரிகிறது. மாத்திரை அரிப்பை அடக்கும், சண்டையை நிறுத்தாது. சண்டை நிற்க வேண்டுமென்றால் கோதுமை அடியோடு போக வேண்டும். போயிற்று. ஷீபா ரவையை, சேமியாவை, சப்பாத்தி மாவைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள், கட்டிப் பெருங்காயத்தில்கூட மாவு சேர்க்கிறார்கள் என்று எங்கோ படித்துவிட்டு அதையும் தூக்கி எறிந்தாள், ரசம் வாசமில்லாமல் இறங்கியது, யாரும் குறை சொல்லவில்லை. எட்டு மாதம். ஆனாலும் கொப்புளம் வந்தது. வாயில் போகிற ஒன்று விடாமல் எழுதிக்கொண்டு வாருங்கள் என்று டாக்டர் சொல்ல, நாற்பது பக்க நோட்டில் எழுதினாள், இட்லி எத்தனை, எந்தக் கடைப் புளி, பற்பசையின் பெயர், இருமல் மருந்து, ஒருநாள் பேரன் ஊட்டிவிட்ட பாதி மிட்டாய். டாக்டர் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். “எவ்வளவு ஒழுங்கா எழுதியிருக்கீங்க. ஆனா எங்கேயோ ஒண்ணு போகுதும்மா. எனக்குத் தெரியாத ஒண்ணு.” அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும், அவள் தொழுகிற இடத்தில் யாரும் எதையும் வாயில் வாங்குவதில்லை. அமலோற்பவத்துக்கே தெரியவில்லை. மறைக்கவில்லை, கடவுள் சாட்சியாக மறைக்கவில்லை, எழுத உட்காரும்போது அது நினைவிலேயே வரவில்லை. காலை ஆறரைக்கு வாயில் போனது ஆண்டவர். ஆண்டவரை எப்படி இட்லிக்கு மேலே ஒரு வரியில் எழுதுவாள்? அதற்கு வேறு என்ன பெயர் உண்டு என்று அவள் யோசித்ததே இல்லை, கன்னியர் மடத்தில் படித்த நாளில் அப்பம் வெட்டிய மிச்ச ஓரங்களைப் பொட்டலம் பொட்டலமாகத் தின்றவள், மாவு பிசைவதைப் பார்த்தவள், அது கோதுமை என்று அவளுக்குத் தெரியும், கோதுமை தனக்கு ஆகாது என்றும் தெரியும், இந்த இரண்டும் ஒரே தலைக்குள் எட்டு மாதம் குடியிருந்தும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளவில்லை. போன செவ்வாய்க்கிழமை மடத்துக்குப் போனபோது அப்பம் சுடுகிற சிஸ்டர் முழங்கைவரை வெள்ளையாக வெளியே வந்தார். தள்ளி நில்லுங்கம்மா, கோதுமை மாவு, சேலையில ஒட்டும் என்றார். அவ்வளவுதான்.

புதன்கிழமை பூசைக்குப் போய் அப்பம் வாங்கினாள். தெரிந்தே வாங்கினாள். அன்று அம்மாவின் நினைவுநாள், அன்றைக்கு மட்டும் என்று. வியாழன் காலை, சாயங்காலம்தான் சாமியாரிடம் பேசப்போகிறோமே என்று. வெள்ளி, இதுதான் கடைசி என்று. நாக்கை மேலண்ணத்தோடு அழுத்திப் பற்றிக்கொண்டு கரைய விடாமல் வைத்திருந்தாள், பாட்டு முடியும்வரை. இன்று பதினொரு மணிக்கு டாக்டரிடம் போக வேண்டும். போன முறையே சொல்லிவிட்டாள், மாத்திரை உங்க ரத்தத்தைத் தின்னுதும்மா, எட்டுக்குக் கீழே வந்தாச்சு, மாத்திரையைக் குறைக்கணும், குறைக்கணும்னா கோதுமை துளிகூடப் போகக் கூடாது, போச்சுன்னா குடல் கெட்டுக்கிட்டே இருக்கும், அது கடைசில எங்க கொண்டுபோய் விடும்னு நான் இப்ப சொல்ல விரும்பல. சொல்லாமல் விட்டதை அமலோற்பவம் தானே சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அந்தப் பயம் பெரிதுதான். ஆனால் அது தூரத்தில் இருக்கிற பயம். அந்தச் சின்ன மேசை பத்துப் பதினைந்து அடியில் இருந்தது.

மணி அடித்தது, முழந்தாளிட வேண்டும். முழங்காலிலும் கொப்புளம், பலகையில் பட்டதும் ஒன்று உடைந்து பாவாடையில் ஈரம் பரவுவது தெரிந்தது. நாற்காலிப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளலாம், வயதானவர்கள் உட்காருகிறார்கள், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். நினைப்பார்கள். எல்லாமே அதில்தான் வந்து முடிகிறது. இந்தக் கோயிலில் எல்லோருக்கும் அவளைத் தெரியும், முப்பத்திரண்டு வருஷம் அரசாங்கத்தின் தொழுநோய்ப் பிரிவில் ஊர் ஊராக, வீடு வீடாகப் போனவள், கண்ணை மூடச் சொல்லிப் பேனா முனையால் தேமலைத் தொட்டு, தொட்ட இடம் எதுவென்று காட்டச் சொன்னவள், காது மடலைக் கீறிக் கண்ணாடிச் சில்லில் தடவி எடுத்தவள். அரிச்சாப் பயமில்லம்மா, அரிக்காத இடம்தான் பயம் என்று எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தப் பெஞ்சிலேயே பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தார்கள், இரண்டு வரன்கள் திரும்பிப் போயின, அவளுக்கு அதிலிருந்து ஏதாவது ஒட்டியிருக்கும் என்று. அதெல்லாம் மறந்துபோயிற்று, மறந்துபோயிற்று என்றுதான் நினைத்திருந்தாள், டாக்டர் ஷமீமா சீட்டில் எழுதிய மாத்திரையின் பெயரைப் படிக்கும்வரை. டாப்சோன். அவள் கையாலேயே அள்ளி அள்ளிக் கொடுத்த அதே மாத்திரை, அதே வெள்ளை, அதே அளவு. இந்த வியாதிக்கும் அதுதான் கேட்குமாம், இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையாம், டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னாள், அவளுக்கு என்ன, சின்னப் பெண். மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். “யாருக்கும்மா?” “எனக்குத்தான்.” மாத்திரை அட்டையைக் கையில் தராமல் கண்ணாடிமேல் வைத்துத் தள்ளினார். எல்லோருக்கும் அப்படித்தான் தள்ளுவாராயிருக்கும். அடுத்த ஆளுக்கு எப்படித் தருகிறார் என்று நின்று பார்த்திருக்கலாம். நிற்கவில்லை. இப்போது ஐம்பது பேர் முன்னால் இவளுக்கு மட்டும் தனிக் கிண்ணம் என்றால், எல்லோரும் முடித்த பிறகு கடைசியாக என்றால், அவர்கள் வேறு எதை நினைப்பார்கள்? பாவம், அந்த வேலை பார்த்தவதானே, வந்திருச்சு போல. அன்பாகத்தான் சொல்வார்கள்.

சாமியார் பெரிய கிண்ணத்தை உயர்த்தினார், பார்த்துக் கும்பிட வேண்டிய நேரம், அவள் கண் பீடத்தின்மேல் அதற்குப் பக்கத்தில் வந்துவிட்டிருந்த சின்னதில் நின்றது. வெள்ளையம்மா. இத்தனை வருஷம் கழித்து இந்தப் பெயர் ஏன் வருகிறது என்று கேட்டுக்கொள்ளவில்லை, செவ்வாயிலிருந்தே வந்துகொண்டுதான் இருக்கிறது. அவள் மாத்திரை கொடுத்து வந்த தொழுநோயாளிகளில் ஒருத்தி, ஒருநாள் மாத்திரை வாங்க வந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள், உதடு நாவல்பழம் தின்றவள்போல. “தெருவுல நாலு எட்டு வச்சாலே நெஞ்சு வாங்குதும்மா.” “மாத்திரைய மட்டும் நிறுத்திராத வெள்ளையம்மா. நிறுத்தினா விரல் போயிரும்.” அது மாத்திரை செய்கிற வேலையாக இருக்கலாம், ரத்தம் பார்க்க அனுப்ப வேண்டும் என்று அமலோற்பவத்துக்குப் பாடத்தில் இருந்தது. அனுப்பவில்லை, அன்றைக்கு இன்னும் பதினோரு வீடு பாக்கி. இப்போது கோயில் படியில் நின்று மூச்சு வாங்கும்போது அந்த உதடு நினைவுக்கு வருகிறது. அந்த வீட்டில் வெள்ளையம்மாவின் அலுமினிய டம்ளர் குளிக்கிற இடத்துச் சுவரோரம் கவிழ்ந்து கிடக்கும். அமலோற்பவம் ஒவ்வொரு முறையும் அந்த வீட்டு மருமகளை நிறுத்தி வைத்துப் பேசுவாள், மாத்திரை தின்கிறவரிடமிருந்து யாருக்கும் ஒட்டாது, ஒரே டம்ளரில் குடிக்கலாம், தனியாக வைப்பது பாவம். ஒருநாள் அந்த மருமகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்த டம்ளரை எடுத்துக் கழுவித் தண்ணீர் மொண்டு நீட்டினாள். “அப்ப நீங்க குடிங்க மேடம்.” குத்தலாகச் சொல்லவில்லை, வெயிலில் வந்தவளுக்குக் கொடுப்பதுபோலத்தான் கொடுத்தாள். “இப்பத்தாம்மா குடிச்சுட்டு வந்தேன்,” என்றாள் அமலோற்பவம். இதமாகச் சொன்னாள். அவள் பையில் எப்போதும் வீட்டுத் தண்ணீர் ஒரு சீசாவில் இருந்தது, முப்பத்திரண்டு வருஷமும் இருந்தது. ஒட்டாது என்று அவளுக்குத் தெரியும், வேறு யாரைவிடவும் நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஒரு வீட்டில்கூடக் குடித்ததில்லை. அந்த மருமகள் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு டம்ளரைப் பழைய இடத்தில் கவிழ்த்து வைத்தாள். அது வைக்கப்பட்ட சத்தம்கூட நினைவிருக்கிறது. எல்லாம் தெரிந்த தானே அப்படி இருந்தால், ஒன்றும் தெரியாத இந்த ஐம்பது பேரிடம் எதை எதிர்பார்ப்பது.

கைகூப்பி ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லியாயிற்று, பாட்டு தொடங்கிவிட்டது, வரிசை நகர்கிறது. மதலேனா டீச்சர் எழுந்து அவளுக்கு வழிவிட்டு நின்றார், எப்போதும் அமலோற்பவம் முன்னால், டீச்சர் பின்னால். கால் தானாக எழுந்துவிட்டது, இரண்டு எட்டு வைத்தும்விட்டாள். இப்படியே போனால் போதும். இன்னும் ஒரே ஒரு நாள். சாமியார் ஒரு நிமிஷம் திகைப்பார், பின்னால் ஆள் நிற்கும்போது கேள்வி கேட்க மாட்டார், நாக்கில் வைத்துவிடுவார், அது ஒட்டும், கரையும், யாரும் எதையும் நினைக்க மாட்டார்கள், பதினொரு மணிக்கு டாக்டரிடம் தெரியலம்மா என்று இன்னொரு முறை சொன்னால் போயிற்று. தெரியல என்பது எவ்வளவு எளிய சொல். சொல்லச் சொல்ல மூச்சுத்தான் குறைகிறது. பெஞ்சின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். களைப்பாக இருந்தது. மறைக்கிறதற்கும் தெம்பு வேண்டும், அந்தத் தெம்பு இல்லை, அவ்வளவுதான், வீரம் ஒன்றும் இல்லை. “நீங்க போங்க டீச்சர்,” என்று திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டாள். டீச்சர் குனிந்து பார்த்தார். “ஏண்டி, கோவிச்சுக்கிட்டியா ஆண்டவர்கிட்ட?” “எனக்குக் கோதுமை ஆகாதாம் டீச்சர். அப்பம் வாங்கக் கூடாது. அந்தச் சின்னக் கிண்ணம் எனக்குத்தான்.” டீச்சர் முகத்தில் ஒன்றும் ஓடவில்லை, அல்லது ஓடியது மறைந்துவிட்டது. “அதானா, பிஷப்புன்னு நினைச்சு நான் வேற வயித்தை எக்கிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்,” என்றார், சொல்லிவிட்டு வரிசையில் போய்ச் சேர்ந்துகொண்டார். அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள், அந்த முதுகு முன்னால் நிற்பவரிடம் ஏதாவது சொல்லச் சாய்கிறதா என்று. சாய்ந்ததுபோல இருந்தது. மின்விசிறிக் காற்றில் முந்தானை ஆடியதாகவும் இருக்கலாம்.

வரிசை முடிந்தது. சாமியார் பெரிய பாத்திரத்தைப் பீடத்தில் வைத்துவிட்டு, கோதுமை மாவு ஒட்டிய கையைக் கழுவுகிறவர்போல விரல்களை ஒரு கிண்ணியில் அலசித் துடைத்தார், அதற்கு அப்புறம்தான் சின்னக் கிண்ணத்தைத் தொட்டார், அந்தக் கவனத்தை அவள் பார்த்தாள். பாட்டு நின்றுவிட்டது, பாடகர்களுக்கு இப்படி ஒருவர் பாக்கி இருப்பது தெரியாது. பெஞ்சிலிருந்து பீடத்துக்கு எத்தனை அடி என்று இத்தனை வருஷத்தில் நினைத்ததில்லை, இன்று பாதியில் ஒருமுறை நிற்க வேண்டியிருந்தது. நின்றபோது முதுகில் ஐம்பது பேரும் இருந்தார்கள். கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கினாள், உயர்த்தியதும் ரவிக்கையின் கை நழுவி மணிக்கட்டுக்கு மேலே காய்ந்ததும் காயாததுமாக ஒரு வரிசை வெளியே தெரிந்தது, மறைக்க மூன்றாவது கை இல்லை. கிறிஸ்துவின் இரத்தம் என்றார். ஆமென். புளிப்பு, தொண்டையில் ஒரு சூடு, நாக்கில் நிற்கவே இல்லை, நாக்கு தேடியது, அதற்குள் இறங்கிவிட்டது. ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள். மிச்சம் வைத்தால் அதைக் குடிக்க வேண்டியவர் அவர். கிண்ணத்தை நீட்டினாள். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. தண்ணீர்க் குப்பியை எடுத்து அதில் கொஞ்சம் ஊற்றினார். “இதையும் நீங்களே குடிச்சிருங்கம்மா,” என்றார், இதமாகத்தான். கிண்ணத்தை அலசிய தண்ணீரைச் சாமியார்தான் குடிப்பார், பிறந்ததிலிருந்து அப்படித்தான் பார்த்திருக்கிறாள். இப்படித் தனிக் கிண்ணம் என்றால் இதுதான் முறையோ என்னவோ. கேட்டால் சொல்லிவிடுவார். அவர் முகத்தைப் பார்த்தாள். ஏழரைக்குப் பக்கத்துக் கிராமத்தில் இன்னொரு பூசை வைக்க வேண்டியவரின் முகம், பாக்கி வேலையை எண்ணுகிற, யாருக்கும் கெடுதல் நினைக்காத முகம். அதற்குப் பின்னால் ஏதாவது இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்லிவிட முடியாது. அவளுடையதையும் எத்தனையோ வாசல்களில் அப்படித்தான் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள். தண்ணீரைக் குடித்தாள், குளிர்ச்சியாக இருந்தது. கிண்ணத்தை இப்போது அவர் வாங்கிக்கொண்டார், துடைக்கத் துணியை எடுத்தார். “நாளைக்கும் வைக்கிறேம்மா.” நாளை ஞாயிற்றுக்கிழமை. நானூறு பேர் இருப்பார்கள். “வைங்க சாமி,” என்றாள் அமலோற்பவம்.